‘சொன்னால்’, ‘சொன்னாலும்’: மழலையர் வீட்டில் இறையன்பின் இலக்கணம்

தமிழ் பேசும் வீடுகள் பலவற்றில், இறைவனை எழுவாயாகக் கொண்டு ஒரு குழந்தை கேட்கும் முதல் முழு வாக்கியம் ‘பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்’ என்பதாகவே இருக்கிறது. சில வீடுகளில் சாமியின் இடத்தில் உம்மாச்சி. குத்துவது மட்டும் மாறாது. குழந்தைக்கு அப்போது இரண்டரை வயதோ மூன்று வயதோ இருக்கும். பொய் என்றால் என்னவென்று அதற்கு இன்னும் சரிவரத் தெரியாது. கண் எது, குத்தினால் எப்படி வலிக்கும் என்பது நன்றாகத் தெரியும். மழலையருக்கு இறையன்பை விளையாட்டின் வழியே வீட்டிலேயே கற்பிப்பது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகளும் காணொளிகளும் இன்று எல்லாச் சமயத்தாரிடமும் உள்ளன: வண்ணத்தாளில் இதயம் வெட்டி ஒட்டுதல், களிமண்ணில் உருவம் செய்தல், கைதட்டிப் பாடுதல், கதைக்கு ஏற்பப் பொம்மைகளை நகர்த்துதல். இவற்றை உருவாக்குவோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு இதயம் ஒட்டிய வீட்டில், இரவு எட்டு மணிக்குச் சோறுண்ண மறுக்கும் அதே குழந்தையிடம் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லப்படுமானால், அது அன்று கற்ற பாடம் எது?

இந்தப் பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வங்காள வீடுகளில் ‘தாகுர் பாப் தேபே’ என்பார்கள். சாமி பாவம் கொடுக்கும் என்பது பொருள். இந்தியில் ‘பாப் லகேகா’. அங்கே இறைவன் எழுவாயாகக்கூட வருவதில்லை. பாவம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. தெலுங்கில் ‘கள்ளு போதாயி’, கண்கள் போய்விடும். கண்ணின்மீது ஏன் இத்தனை கண் என்பது தனியே ஆராயத்தக்கது. தமிழுக்குள்ளேயே சமயந்தோறும் வினைமுற்று வேறுபடுவதையும் கவனிக்கலாம். குழந்தையிடம் பேசும்போது சாமி அஃறிணை முடிபு பெறுகிறது: குத்தும், பார்க்கும். கிறித்தவ வீட்டு இயேசப்பா உயர்வுப் பன்மையில் வருகிறார்: அழுவார், வருத்தப்படுவார். முஸ்லிம் வீடுகளில் அல்லாஹ் ஒருமை ஆண்பால் முடிபு பெறுகிறான். ஒருமையே அங்கே ஏகத்துவத்தின் குறி. திணையும் பாலும் மதிப்பும் இவ்வாறு மூன்று திசையில் பிரிந்தபோதிலும் வாக்கியத்தின் முற்பாதி எங்கும் ஒன்றுதான். ஓர் ‘-ஆல்’, அதாவது நிபந்தனை எச்சம். நீ இன்னது செய்தால், அவர் இன்னது செய்வார்.

இவ்வாக்கியம் அத்தனை எளிதில் பதிவதற்குக் குழந்தையின் அறிவமைப்பிலேயே காரணம் உண்டு. ஜஸ்டின் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில் குழந்தைகளிடம் ஒரு பிஸ்கட் பெட்டியைக் காட்டினார்கள். திறந்தால் உள்ளே கற்கள். பெட்டியைத் திறந்து பார்க்காத அம்மா உள்ளே என்ன இருப்பதாக நினைப்பார் என்று கேட்டதற்கு, ஐந்து வயதையொட்டிய குழந்தைகள் பெரும்பாலும் பிஸ்கட் என்றார்கள். கடவுள் என்ன நினைப்பார் என்று கேட்டதற்குக் கற்கள் என்றார்கள். அம்மாவின் அறிவுக்கு எல்லை உண்டு என்று கண்டுகொள்ளும் வயதிலும், கடவுளின் அறிவுக்கு அவ்வெல்லையைக் குழந்தை வைப்பதில்லை. கிரேக்கக் குழந்தைகளிடம் பின்னர் நடந்த ஆய்வுகள் இம்முடிவோடு முழுவதும் உடன்படவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். எனினும் மூடிய பெட்டிக்குள்ளும் பார்க்கும் ஒருவரை ஏற்றுக்கொள்வது மழலைக்குக் கடினமன்று என்ற அளவில் இதைக் கொள்ளலாம். பார்ப்பவர் எளிதில் வந்துவிடுகிறார். அவர் எதற்காகப் பார்க்கிறார் என்பதை வீடுதான் சொல்லித்தர வேண்டும். ‘சாமி பாத்துக்கிட்டே இருக்கு’ என்பதற்கும் ‘சாமி பாத்துக்கும்’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத் தமிழ் அறிந்தோர் உணர்வார்கள். வினையும் ஒன்று, ‘கொள்’ என்னும் துணைவினையும் ஒன்று. முன்னதில் காவலர், பின்னதில் காப்பவர்.

அச்சுறுத்தல் பேச்சுவழக்கில் நிகழ்கிறது. அன்பு எழுத்துவழக்கில் கற்பிக்கப்படுகிறது. வீட்டு வழிபாட்டுக் கையேடுகளின் உண்மையான இடர்ப்பாடு இதுதான். ‘கடவுள் உன்னை நேசிக்கிறார்’, ‘இறைவன் நம்மீது அன்பு செலுத்துகிறான்’ ஆகிய வாக்கியங்களில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தையிடம் எந்தத் தாயும் ‘அம்மா உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்வதில்லை. நேசி, அன்பு செலுத்து, அன்புகூர் என்பவை குழந்தையின் செவியில் விழுந்த வினைகளே அல்ல. இரட்டை வழக்கு மொழியொன்றில், பள்ளி செல்லாத குழந்தைக்கு ஒரு வழக்குத்தான் உண்டு. மற்றொன்றில் சொல்லப்படுவதை அது பாட்டைப்போல ஒப்பிக்கும்; ஒப்பித்ததற்குக் கைதட்டும் கிடைக்கும். பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்பிளவு இன்னும் கூர்மையாகிறது. மழலையர் பள்ளியில் ஆங்கிலம் பேசும் கடவுள் அன்பு காட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் பாட்டியின் தமிழில் பேசும் சாமி கண்ணைக் குத்துகிறது. தாய்மொழியில் இருக்கும் கடவுளே அச்சுறுத்துபவராக ஆகிவிடும் இந்த ஏற்பாட்டைக் குறித்துச் சமயவாதிகளைவிட மொழியியலாளர்கள் கவலைப்படக் காரணம் உண்டு.

குழந்தைக்குத் தெரிந்த வினை ஒன்று இருக்கிறது: பிடிக்கும். ‘அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும்?’ என்று கேட்டால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டாத குழந்தை அரிது. உணர்வுடையவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் இவ்வமைப்பு திராவிட மொழிகளுக்கும் இந்தியாவின் பிற மொழிகளுக்கும் பொதுவானது. மழலைப் பருவத்திலேயே கைவந்துவிடுவது. ‘சாமிக்கு உன்னைப் பிடிக்கும்’ என்ற வாக்கியத்துக்கு உரை தேவையில்லை. அதற்கு முன்னால் ஓர் எச்சம் சேரும்போதுதான் வீட்டின் இறையியல் வெளிப்படுகிறது. ‘நீ சமத்தா இருந்தா சாமிக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பது ஒரு சமயம். ‘நீ பொய் சொன்னாலும் சாமிக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பது முற்றிலும் வேறொரு சமயம். இரண்டுக்கும் இடையே நிற்பது ஓர் உம்மை. தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுக்கிறது. அன்பையும் சிவத்தையும் ஒன்றெனக் கண்ட திருமூலர் முதல் இன்றைய ஞாயிற்றுப்பள்ளி ஆசிரியர் வரை மேடையில் சொல்வது ‘ஆலும்’ என்பதன் சமயம். வீட்டில் நடைமுறையில் இருப்பது ‘ஆல்’ என்பதன் சமயம்.

இந்திய வீடுகளின் பழைய விளையாட்டுகள் சில, இந்த ‘ஆல்’ இல்லாமலே இயங்குகின்றன. கிருஷ்ண ஜயந்தியன்று அரிசிமாவைக் கரைத்து, குழந்தையின் கையை மடக்கிப் பக்கவாட்டில் தோய்த்துத் தரையில் பதித்து, மேலே விரல்நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் ஒரு பாதம் ஆகிறது. வாசலிலிருந்து பூசை இடம்வரை அப்பாதங்கள் உள்நோக்கி நடந்து வருகின்றன. சில வீடுகளில் குழந்தையின் காலையே மாவில் தோய்த்து நடக்க விடுவார்கள். வருகிறவர் யார், வரவேற்கிறவர் யார் என்ற வேறுபாடு அந்த அரைமணி நேரம் அழிந்துபோகிறது. கடவுள் உன்னை நேசிக்கிறார் என்று அங்கே யாரும் விளக்குவதில்லை. வாசலில் தொடங்கும் அந்தக் கால்கள் இந்த வீட்டுக்கே வருகின்றன. தெற்றிப் பதிந்தாலும் வருகின்றன. கோணலான பாதத்தை அழித்துவிட்டுத் தானே திருத்திப் போடும் தாய், கோலத்தின் அழகைக் காப்பாற்றிவிடுகிறாள். விளையாட்டு அத்தோடு முடிந்துவிடுகிறது.

வட இந்திய வீடுகளின் லட்டு கோபால் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். உள்ளங்கையளவு உலோகக் குழந்தை, தவழும் கோலம். அவரை எழுப்பி, நீராட்டி, உடுத்தி, ஊட்டி, ஊஞ்சலாட்டி, உறங்க வைக்கிறார்கள். குளிர்காலத்தில் அவருக்குக் கம்பளிச் சட்டை உண்டு. ஊருக்குப் போனால் கூடையில் உடன் வருகிறார். வல்லபாசாரியர் வழிவந்த புஷ்டி மார்க்கத்தில் இதற்குப் பூசை என்று பெயரில்லை. சேவை என்று பெயர். அங்கே குழந்தைக் கண்ணனுக்கு முன்னால் விளையாட்டுப் பொருள்களும் வைக்கப்படுகின்றன. இதைப் பெரியவர்களின் பொம்மை விளையாட்டு என்று நகைப்போர் உண்டு. ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் இடத்திலிருந்து பார்த்தால் இங்கே நிகழ்வது பெரிய செய்தி. வீட்டில் எல்லாரைவிடவும் சிறியது தான் என்று அறிந்த ஒரு குழந்தைக்கு, தன்னைவிடச் சிறிய, தன் பராமரிப்பை ஏற்றுக்கொள்ளும் ஒரு கடவுள் கிடைக்கிறார். தனக்குச் செய்யப்பட்டதையெல்லாம் அது அவருக்குச் செய்துபார்க்கிறது. ஊட்டப்பட்ட குழந்தைக்கு ஊட்டத் தெரிகிறது. அன்பு என்ற சொல் ஒருமுறைகூட உச்சரிக்கப்படாமல், அதன் இரு முனைகளும் பிடிபட்டுவிடுகின்றன.

தமிழில் இதற்கு ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பிள்ளைத்தமிழ் இறைவனைக் குழந்தையாக்கிப் பத்துப் பருவங்களாக வளர்க்கிறது. செங்கீரையில் தலையசைக்கச் சொல்கிறது. சப்பாணியில் கைகொட்டச் சொல்கிறது. அம்புலியில் நிலாவை விளையாட அழைக்கிறது. மீனாட்சிக்கும் முருகனுக்கும் மட்டுமன்றி, நபிகள் நாயகத்துக்கும் இயேசுவுக்கும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டிருக்கிறது. பவுலா ரிச்மன் 1997இல் வெளியிட்ட நூல் இவற்றையெல்லாம் ஒருசேர ஆராய்கிறது. பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்குவதில் சமய எல்லை குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கல்விப்புலத்தில் இவ்வகை செய்யுள் இலக்கணமாகவும் தேர்வு வினாவாகவும் உறைந்துவிட்டது. சப்பாணிப் பருவப் பாடலொன்றை உண்மையிலேயே ஒரு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக் கொட்டிப் பாடலாம் என்ற நினைவு தமிழ்த்துறைகளுக்கே இல்லை.

கிறிஸ்துமஸ் குடிலும் இவ்வரிசையில் வருவதே. பாசி, வைக்கோல், மண் பொம்மைகள். குழந்தை உருவம் மட்டும் டிசம்பர் 24 நள்ளிரவுவரை காலியிடமாகக் காத்திருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில், செய்த ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோலைத் தீவனத் தொட்டியில் இடும் வழக்கம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் கணக்குவைத்தல்தான். ஆயினும் அந்த வைக்கோலால் நற்செயல் செய்த குழந்தைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்குப் படுக்கை மெத்தென்று ஆகிறது. அட்டையில் ஒட்டப்படும் தங்க நட்சத்திரம் இதற்கு நேர் எதிரானது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட, இன்று பாடநூல்களில் இடம்பெற்றுவிட்ட ஆய்வு மழலையர் பள்ளியில்தான் நடந்தது. வண்ணப் பேனாவால் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள்கள் கழித்து, பரிசில்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, அக்குழு வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழுக்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அந்த விருப்பம் குறையவில்லை. கெடுத்தது பரிசன்று, பரிசுக்கு முன்னால் வைக்கப்பட்ட ‘வரைந்தால்’. சுலோகம் ஒப்பித்தால் சாக்லேட், வசனம் மனப்பாடம் செய்தால் நட்சத்திரம், சூரா ஓதினால் பொம்மை கார் என்னும் வீட்டு முறைகள், கண்ணைக் குத்தும் வாக்கியத்தின் இனிப்புப் பதிப்புகளே.

மரியா மாண்டிசோரி 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது தமிழ்நாட்டுக் கல்வியாளர்களுக்குத் தெரிந்த செய்தி. சமயக் கல்வியில் அவர் கொண்டிருந்த ஈடுபாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவ்வழியில் 1954இல் ரோமில் சோஃபியா கவலெட்டியும் ஜியான்னா கோபியும் தொடங்கிய முறையில், மூன்று முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளுக்கு நல்ல மேய்ப்பனின் உவமை மர ஆடுகளையும் சிறு பட்டியையும் கொண்டு சொல்லப்படுகிறது. பின்பு அந்த ஆடுகளைக் குழந்தை தானே எடுத்து, தான் விரும்பும் அளவு நகர்த்திக்கொண்டிருக்கலாம். மதிப்பெண் இல்லை, பரிசில்லை, ‘இதிலிருந்து என்ன கற்றாய்’ என்ற கேள்வியும் இல்லை. ஒழுக்கம் சார்ந்த உவமைகளை அவர்கள் ஆறு வயதுக்குப் பிறகே வைத்தார்கள். அதுவரை குழந்தைக்குத் தேவை, பெயர்சொல்லி அழைக்கப்படுவது மட்டுமே என்பது கவலெட்டியின் துணிபு. ஒழுக்கத்தை அப்படி ஒத்திப்போட முடியுமா என்று ஐயுறலாம். ஆனால் கடவுளை ஒழுங்கு காவலராக அமர்த்தாமலே ஒழுங்கைக் கற்பிக்க முடியும். பல் துலக்குவதற்கும் பகிர்ந்துண்பதற்கும் அம்மாவின் சொல்லே போதிய காரணம்.

தென்னாசிய முஸ்லிம் குடும்பங்களில், குறிப்பாக ஹைதராபாத், லக்னோ போன்ற நகரங்களில், குழந்தைக்கு நான்கு ஆண்டு, நான்கு மாதம், நான்கு நாள் ஆகும்போது பிஸ்மில்லா சடங்கு நடப்பதுண்டு. புத்தாடை, இனிப்பு, மடியில் உட்காரவைத்து முதல் ஓதல். அக்குழந்தை கற்கும் முதல் தொடரில் இறைவனுக்கு வரும் இரு பெயர்கள் ரஹ்மான், ரஹீம். இரண்டும் அரபியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரைப் பகிர்பவை. அச்சொல்லாராய்ச்சி நான்கு வயதுக்கு எட்டாது. மடியின் சூடு எட்டும். அதே குழந்தை மறுநாள் ஓதும்போது தடுமாறினால் மடி என்னவாகிறது என்பதையும் அது கவனித்துக்கொண்டுதான் இருக்கும். அனா மரியா ரிசூட்டோ 1979இல் வெளியிட்ட நூலின் சாரமும் இதுவே: குழந்தையின் உள்ளத்தில் உருவாகும் கடவுள், பெற்றோருடன் அது பெற்ற அனுபவங்களால் ஆனவர்.

இவை எதையும் கற்பிக்காமலே விட்டால் என்ன என்று பகுத்தறிவு மரபினர் கேட்பது நியாயமான கேள்வி. பெற்றோரின் சமயத்தைக் குழந்தையின் சமயமாக முத்திரையிடுவதை ரிச்சர்டு டாக்கின்ஸ் கண்டித்ததும் இந்த அடிப்படையில்தான். அரசு முழுச் செலவில் நடத்தும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என அரசமைப்பின் 28ஆம் உறுப்பு விலக்கியிருக்கிறது. அந்த விலக்கு சரியானதே. வீட்டுக்கு அவ்வாறு கதவடைக்க முடியாது. கடவுள் நம்பிக்கையற்ற பெற்றோரின் குழந்தையும் தெருமுனைப் பிள்ளையாரைப் பார்க்கிறது. பக்கத்துவீட்டுப் பாட்டி சொல்லும் கண்குத்தும் வாக்கியத்தைக் கேட்கிறது. அக்குழந்தைக்கும் ‘யாரும் கண்ணைக் குத்த மாட்டார்கள்’ என்று யாரேனும் சொல்லியாக வேண்டும். நம்புவோரும் நம்பாதோரும் உடன்படக்கூடிய முதல் வாக்கியம் அதுவாகவே இருக்கலாம்.

பேச்சில் இல்லாத நிபந்தனை ஒன்று இந்திய வீடுகளில் உண்டு. அதைக் குழந்தை கண்ணால் கற்கிறது. நவராத்திரிக் கொலுவுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் குழந்தைகள் வருகிறார்கள். பாட்டு, சுண்டல், படிகளில் நிற்கும் செட்டியார் பொம்மையைத் தொட்டுப் பார்த்து வாங்கும் செல்லத் திட்டு. வீட்டுவேலைக்கு வரும் பெண்ணின் நான்கு வயது மகளும் அன்று அங்கே இருக்கிறாள். அவளுக்கும் சுண்டல் உண்டு. சமையலறை வாசலில், வேறு கிண்ணத்தில். யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லாக் குழந்தைகளும், சாமிக்கு யாரையெல்லாம் பிடிக்கும் என்ற பாடத்தை அன்று பழுதறக் கற்றுக்கொண்டன. பாயில் உட்கார்ந்தவையும் கற்றன. வாசலில் நின்றதும் கற்றது. வீட்டுவழி இறைக்கல்வி பற்றிய கையேடுகள் எந்த நிறத் தாள், எந்த அளவுப் பசை என்றெல்லாம் விவரிக்கின்றன. யாருடைய குழந்தைகளோடு இதைச் செய்ய வேண்டும் என்ற வரி அவற்றில் காணப்படுவதில்லை. குடிலில் ஆட்டிடையர்களையும் ஞானியரையும் ஒரே தொட்டியைச் சுற்றி நிறுத்தும் வீடுகளும், கட்டும் வேலைக்கு யாரை அழைப்பது என்பதில் அதே கவனத்தோடுதான் இருக்கின்றன.

இறப்பு நேரும் வீட்டில் சொல்லப்படும் ‘தாத்தாவை சாமி கூட்டிக்கிச்சு’ என்ற வாக்கியமும் இங்கே சேரும். ஆறுதலாகச் சொல்லப்படுவது, கேட்பவரின் வயதால் அச்சமாகிவிடுகிறது. இறப்பு மீளாதது, எல்லாருக்கும் நேர்வது என்னும் புரிதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் நிலைபெறுகிறது. அதற்கு முன் இவ்வாக்கியத்தைக் கேட்ட குழந்தை, அடுத்து யாரைக் கூட்டிக்கொள்ளும் என்று பூசை மாடத்தைப் பார்க்கும். ‘தாத்தா செத்துப்போயிட்டார், நமக்கு அழுகையா வருது, சாமி நம்ம கூடவே இருக்கு’ என்று மூன்று வாக்கியமாகப் பிரித்துச் சொல்வதில் இறையியல் குறைவொன்றும் இல்லை.

புதிய பயிற்சித்தாள் எதையும் வாங்குவதற்கு முன், மழலையர் உள்ள வீடு ஒன்று செய்யக்கூடிய எளிய வேலை உண்டு. குழந்தைமொழி ஆய்வு மாணவர்களுக்கும் இது பயன்படும். இறைவனை எழுவாயாகவோ நான்காம் வேற்றுமையிலோ கொண்டு, ஒரு வாரத்தில் குழந்தையிடம் சொல்லப்பட்ட வாக்கியங்களையெல்லாம், யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற குறிப்போடு ஒரு நோட்டில் எழுதிவைப்பது. சோற்றுநேரத்தில் சொன்னவை, பொம்மை உடைந்தபோது சொன்னவை, அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடித்தபோது சொன்னவை என்று அவை பிரியும். ஒரு பத்தியில் ‘ஆல்’, அடுத்ததில் ‘ஆலும்’. விளக்கேற்றும்போதும் பாட்டுப் பாடும்போதும் சொல்லப்பட்டவற்றை இக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.